நாலாம் நம்பர் கதவில் என் பெயர்

அந்த வருடம் எங்கள் வீதியில் யாருக்கும் கொரோனா வரவில்லை. எல்லோருக்கும் டைபாய்டுதான் வந்தது. மூன்றாவது வீட்டுக்காரருக்கு டைபாய்டு, பிரிண்டிங் பட்டறைக்காரருக்கு டைபாய்டு, அவருடைய மாமியாருக்குச் சளி கட்டிய டைபாய்டு. மாமியார் தவறிப்போனபோது வயசாகிவிட்டது என்றார்கள். எழவுக்குப் போனவர்களில் பாதிப்பேர் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு தைரியமாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் அதில் ஒருவன்.

நான் திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் செய்கிறவன். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுப்பது என் தொழில். வீட்டு மாடியில் பதினாலு மிஷின். சொந்த ஊர் அவிநாசிபாளையம் பக்கம். ஊரடங்கு முடிந்து மிஷினை மறுபடி ஓட்டியபோது பனியனுக்கு ஆர்டர் இல்லை, மாஸ்க்குக்குத்தான் இருந்தது. மீந்துபோன பனியன் துணியில் மடிப்பு வைத்து, காதுக்கு எலாஸ்டிக் கொடுத்து, நாள் முழுக்கத் தைத்தோம். அவ்வளவு மாஸ்க் தைத்த அந்த மாடியில் ஒழுங்காக மாஸ்க் போட்டிருந்தவர் ஒருவர்தான். செக்கிங் டேபிளில் நிற்கும் செல்வமேரி.

செல்வமேரி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என்னிடம் எட்டு வருடமாக இருக்கிறார். ஓட்டை, கறை, தையல் விட்டது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். இங்கே ஏற்றுகிற சரக்கைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோவார், வாரம் ஒரு தரம் வீட்டுக்கு வருவார். அப்போது சரக்கும் நின்றுபோய், மாவட்டம் தாண்ட இ-பாஸும் வேண்டும் என்றிருந்ததால் அவர் அங்கேயே தங்கிவிட்டார். இங்கே செல்வமேரியும் எட்டு வயது மகளும் மட்டும்.

நோயைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. டிவியில் நாள் முழுக்கச் சொன்னார்கள். போன் போட்டால் ரிங் போவதற்கு முன் ஒரு அம்மா இருமிவிட்டுச் சொன்னார். கபசுரக் குடிநீர் குடித்தோம், ஆவி பிடித்தோம், வாசலில் வேப்பிலை கட்டினோம். சூடு பார்க்கும் துப்பாக்கி ஒன்று நானே வாங்கினேன். வெயிலில் நடந்து வருகிறவர்களுக்கு அளவு கூடக் காட்டியது. அதனால் ஆட்களை ஃபேனுக்கடியில் ஐந்து நிமிடம் உட்காரவைத்துவிட்டு, அப்புறம் நெற்றியில் பிடிப்போம். அளவு சரியாக வந்துவிடும். நோட்டிலும் எழுதிக்கொள்வோம்.

உண்மையில் நாங்கள் பயந்தது நோய்க்கு அல்ல, தகரத்துக்கு. ஒருவருக்கு நோய் உறுதியானால் மாநகராட்சி ஆட்கள் வந்து வீட்டு வாசலை மறித்துத் தகரம் அடிப்பார்கள். கதவில் நோயாளி பெயர், விலாசம், தேதி எழுதிய ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பதினாலு நாள் யாரும் உள்ளே போகக்கூடாது, வெளியே வரக்கூடாது. பக்கத்து வீதியில் ஒரு பட்டறைக்கு அடித்தபோது அங்கிருந்த ஆட்கள் இரண்டே நாளில் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். என் பட்டறை வீட்டு மாடியில். வீட்டுக்குத் தகரம் என்றால் பட்டறைக்கும் தகரம்.

எனக்குக் காய்ச்சல் வந்தது ஒரு சனிக்கிழமை. மாத்திரை போட்டேன், விட்டது. மறுபடி வந்தது, மறுபடி போட்டேன். நானும் டைபாய்டு என்றுதான் சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை செக்கிங் டேபிள் பக்கம் நின்று பீஸ் எண்ணிக்கொண்டிருந்தபோது செல்வமேரி ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, தின்னர் டப்பா ஒங்க காலடியில கவுந்து கெடக்கு. ஒங்களுக்கு நாத்தம் தெரியலியா?"

கறை எடுக்க வைத்திருக்கும் தின்னர் அது. மூடியைத் திறந்தாலே மாடி முழுக்க மூக்கைத் துளைக்கும். குனிந்து பார்த்தேன். செருப்பெல்லாம் நனைந்திருந்தது. எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை.

செல்வமேரி இரண்டடி பின்னால் நகர்ந்தார். "அண்ணாச்சி, பேசாம டெஸ்டு குடுத்துருங்க. மறைச்சா ஆவாது" என்றார். என்னை டெஸ்டுக்கு அனுப்பியது அவர்தான். இதை முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன்.

பக்கத்து ஸ்கூலில் முகாம் போட்டிருந்தார்கள். வெள்ளைக் கட்டத்துக்குள் ஒவ்வொருவராக நின்று நகர வேண்டும். மேஜையில் ஒரு இளம்பெண் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தது. பெயர், வயசு, போன் நம்பர் எல்லாம் சொன்னேன். ஆதார் அட்டையை நீட்டினேன்.

"ஆதார்ல இருக்கற அட்ரஸ்தானுங்களா சார்?"

என் ஆதாரில் இருந்தது பழைய விலாசம். மாடி கட்டிக் குடிபோவதற்கு முன் நானும் மனைவி கலாமணியும் ரயில்வே லைன் ஓரத்தில் ஒரு காம்பவுண்டில் வாடகைக்கு இருந்தோம். எட்டு வீடு, காலையும் மாலையும் தண்ணீர் வரும் ஒரே குழாய். எங்களுடையது நாலாம் நம்பர். வீடு மாறியபோது எல்லாவற்றையும் மாற்றினேன், ஆதாரில் மட்டும் விலாசத்தை மாற்றவில்லை. சோம்பல்தான். காலி செய்த அந்த நாலாம் நம்பரை வீட்டுக்காரரிடம் பேசி நானே ஒருவருக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த செல்வமேரிக்கு.

அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தது. வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி எனக்கு மாஸ்க் டெலிவரி. பின்னால் வரிசை நின்றது.

"ஆமாங்க" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. நம் பக்கம் எதற்கும் வருகிற வார்த்தைதான். தகரம் அடிக்க வருகிறவர்கள் நாலாம் நம்பரில் தங்கவேல் என்று ஆள் இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படி நம்பினேனா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

டெஸ்ட் என்பது பஞ்சு சுற்றிய நீளக் குச்சியை மூக்கு வழியாகத் தொண்டையின் பின்பக்கம்வரை விட்டுச் சுற்றி எடுப்பது. வலி என்று சொல்ல முடியாது. கண்ணில் தண்ணீர் வரும், தும்மல் வருவதுபோல வந்து நின்றுவிடும். அந்தப் பஞ்சில் கிருமி ஒட்டியிருக்கிறதா என்று லேபில் பார்ப்பார்கள். இரண்டு நாள் கழித்து விடியும் முன்னால் போன் வந்தது. பாசிட்டிவ். உங்கள் அட்ரஸுக்கு ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, துணிமணி எடுத்துக்கொண்டு வாசலில் நில்லுங்கள் என்றார்கள்.

எந்த வாசலில்? சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பத்து நிமிட நடைக்கு மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. காம்பவுண்டுச் சந்து முனைக்கு நான் போய்ச் சேரவும் ஆம்புலன்ஸ் வரவும் சரியாக இருந்தது. குழாயில் தண்ணீர் வரும் நேரம். நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்று நான் ஏறுவதைப் பார்த்தார்கள். செல்வமேரி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சின்ன மிஷின். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் நல்லது, தொண்ணூறுக்குக் கீழே போனால் கவலை. எனக்கு எண்பத்தொன்பது. நான் நன்றாகத்தான் இருந்தேன், கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான் என்று சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. "இந்த நோய்ல அப்படித்தாங்க. மூச்சு குறையறது குறையறவருக்கே தெரியாது" என்றார்.

பிறகு மார்பை ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் காற்று இருக்கும் இடம் படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும். எனக்கு ஓரங்களில் பனி படிந்த கண்ணாடி மாதிரி வெளுத்திருந்தது. அங்கெல்லாம் வீக்கம், காற்று சரியாக உள்ளே போகவில்லை என்று அர்த்தம். மூக்கில் குழாய் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் தினம் ஒரு ஊசி, ரத்தம் உறையாமல் இருக்க. வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஊசி. அது சர்க்கரையை ஏற்றிவிடும் என்று மூன்று வேளையும் விரலில் குத்திப் பார்த்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் என்று சொன்னது குப்புறப் படுப்பது. முதுகுப்பக்கத்து நுரையீரல் அப்போதுதான் விரியுமாம். ஐம்பது வயதில் குப்புறப் படுக்கப் பழகுவது ஒரு வேலை. தலையணையில் முகம் புதைத்து, மற்றவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

நர்ஸுகள் முழுக்க மூடிய வெள்ளை உடையில் வந்தார்கள். முகம் தெரியாது என்பதால் நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதியிருந்தார்கள். ஒரு நர்ஸின் தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. தொழில் புத்தி போகாது. "சிஸ்டர், தோள்ல தையல் உட்டுருச்சுங்க, டேப் ஒட்டிக்குங்க" என்றேன். அவர் பயந்துபோய்த் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினார். அந்த வார்டில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. முட்டை, சுண்டல், மிளகு போட்ட பால், எல்லாம் வந்தது. எதிலும் ருசி தெரியவில்லை. கலாமணி ஆஸ்பத்திரி கேட்டில் ரசம் கொடுத்துவிடுவாள், அதுவும் வெந்நீர் மாதிரிதான் இருந்தது. உள்ளே வர அவளுக்கு அனுமதி இல்லை. காலையும் மாலையும் போன் போடுவாள். எடுத்ததும் ஒரே கேள்வி.

"ஏனுங்க, மூச்சு எவ்வளவுங்க?"

கிளிப் காட்டுகிற அளவைத்தான் கேட்கிறாள். தொண்ணூற்றொன்று என்பேன். "சரிங்க, பேசாதீங்க" என்று வைத்துவிடுவாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அத்தனை சுருக்கமாக நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஊத்துக்குளிக்காரர் ஒருவர் இருந்தார். நான்கு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். இருமலுக்கு நடுவே வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் பேசுவார். பேச்சு முழுக்க எருமையைப் பற்றித்தான்.

"எங்கூட்டு வாசல்ல தகரம் அடிச்சுட்டாங்க. சொசைட்டில பால வாங்க மாட்டீங்கறாங்க" என்றார் என்னிடம். "எருமைக்குத் தெரியுமுங்களா கொரோனாவெல்லாம்? கறந்துதான ஆகோணும். கறந்து தென்னைக்கு ஊத்தறாங்களாமா." கொஞ்சநேரம் இருமினார். "உங்கூட்டுக்கும் அடிச்சுட்டாங்களாங்க?"

"இல்லீங்க."

"அப்ப உங்களுக்குப் பெரிய ஆள் யாரோ இருக்காங்களாட்ட இருக்குது" என்றார். அதில் பொறாமை இல்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார்.

நான்காம் நாள் மத்தியானம் செல்வமேரி போன் செய்தார். சுற்றிவளைக்கவில்லை.

"அண்ணாச்சி, எங்க கதவுல ஒங்க பேரு ஒட்டியிருக்கு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இங்க அப்படி ஆளு இல்லன்னு நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். எல்லா வீட்டுலயும் இப்படித்தான் சொல்லுதாவன்னு சொல்லிட்டு ஒட்டிட்டுப் போயிட்டாவ. தகரம் அடிச்சாச்சு. புள்ளைய ஜன்னலுக்குக் கூட வரவிட மாட்டேங்காவ. அது போவட்டும் அண்ணாச்சி, நோயின்னு சொன்னா பதினாலு நாளுல போயிரும். ஆம்பளையில்லாத வீட்டுக் கதவுல இன்னொரு ஆம்பள பேரு ஒட்டியிருக்கே. நீங்க விடியக்காலம் எங்க சந்துலருந்து ஆம்புலன்ஸ் ஏறுனத எல்லாரும் பாத்திருக்காவ. எவளோ எங்க வீட்டுக்காரருக்குப் போனு போட்டுச் சொல்லிட்டா. ரெண்டு நாளா அவரு என் போனையே எடுக்கல."

தகரத்தைப் பற்றி மட்டும்தான் நான் யோசித்திருந்தேன். கதவில் ஒட்டுவது என் பெயர் என்பதும், அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது ஒரு பெண் என்பதும் அப்போதுதான் உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டவன் செய்ய வேண்டியதை நான் செய்யவில்லை.

"நீங்க மாநகராட்சிக்கு ஒரு போனு போட்டுச் சொன்னா போதும் அண்ணாச்சி. அட்ரஸ் தப்புன்னு ஒரு வார்த்தை" என்றார்.

"மூச்சு முட்டுது மேரி. வந்து பாத்துக்கலாம்" என்றேன்.

அன்று கிளிப்பில் தொண்ணூற்று மூன்று காட்டியது. நன்றாகவே பேச முடியும். ஊத்துக்குளிக்காரரிடம் அரைமணி நேரம் வெண்ணெய் விலை பேசிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். விஷயம் இதுதான். அட்ரஸை மாற்றிச் சொன்னால் தகரம் என் வீட்டுக்கு வரும். மாடியில் மாஸ்க் பாதி தைத்துக் கிடந்தது. டெலிவரிக்கு இன்னும் சில நாள் இருந்தது. நான் படுத்ததிலிருந்து கலாமணிதான் மேலே நின்று பட்டறையை ஓட்டினாள். அவளுக்கே லேசான காய்ச்சல் இருந்ததைப் பின்னால்தான் சொன்னாள். அந்த வாரம் மாடியிலிருந்து இரண்டு டெய்லர்கள் உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய்விட்டார்கள். டைபாய்டாம். அவர்களிடமிருந்து யார் யாருக்குப் போனது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

மறுநாள் ஊத்துக்குளிக்காரருக்கு மூச்சு இறங்கியது. தள்ளுகட்டிலில் வேறு வார்டுக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது செருப்பை மறந்துவிட்டார். இரண்டு நாள் அந்தச் செருப்பு கட்டிலடியில் கிடந்தது, பிறகு கூட்டுகிற அம்மா எடுத்துக்கொண்டு போனார். அவர் என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

டெலிவரி போன அன்று சாயங்காலம் மாநகராட்சிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் களைத்துப்போன குரலில் பேசினார்.

"இப்பச் சொல்றீங்களே சார். பதினாலு நாள்ல பாதி முடிஞ்சுபோச்சு. இப்ப மாத்துனா உங்கூட்டுக்குப் புதுசாத் தகரம் அடிக்கோணும். ஆளும் இல்ல, தகரமும் இல்ல. விட்டுருங்க."

விட்டுவிட்டேன். உள்ளுக்குள் நிம்மதியாகக் கூட இருந்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

பதினோராம் நாள் என்னை அனுப்பினார்கள். இன்னும் ஒரு வாரம் வீட்டில் தனி அறையில் இருக்கச் சொன்னார்கள். வீட்டு வாசலில் கலாமணி வெந்நீரும் மாற்றுத் துணியும் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். குளித்துவிட்டு வந்ததும் நேராகக் கேட்டாள்.

"ஏனுங்க, மேரிகிட்டப் பேசுனீங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

"தகரம் அடிச்ச அன்னிக்கே போன் பண்ணுச்சுங்க. என்னால என்ன பண்ண முடியும்? அரிசி, பருப்பு, காய் எல்லாம் குடுத்துவிட்டேன். அதுவும் வெனையாப் போச்சுங்க. ஓனர் ஊட்டுலருந்து சாமான் போவுதுன்னு அதுக்கும் ஒரு கதை கட்டிட்டாங்களாமா."

"நீ போய் இல்லீன்னு சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா? பொண்டாட்டி மானத்தக் காப்பாத்திக்கறக்குச் சொல்றாள்னு நினைப்பாங்க. நீங்க செஞ்சதுங்க. நீங்கதான் போய்ச் சொல்லோணும்." பிறகு தட்டில் இட்லியை வைத்துக் கதவோரம் தள்ளிவிட்டுப் போனாள். அந்த ஒரு வாரமும் வேளை தவறாமல் சாப்பாடு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

வாரம் முடிந்த மறுநாள் சாயங்காலம் தண்ணீர் வருகிற நேரம் பார்த்துக் காம்பவுண்டுக்குப் போனேன். தகரத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். நிலைக்கட்டையில் ஆணி ஓட்டை தெரிந்தது. நான் வருவதைப் பார்த்ததும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டார்கள். எட்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆதார், பழைய விலாசம், ஸ்கூலில் நான் சொன்ன ஆமாங்க, சந்து முனைக்கு நடந்து வந்தது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்க மூச்சு வாங்கியது.

இரண்டாம் நம்பர் ராசாத்தியக்காதான் அந்தக் குழாயடிக்குப் பெரியவர். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு மரியாதையாகச் சொன்னார்.

"சாமி, நீங்க பெரிய மனசு பண்ணி உங்க மேல போட்டுக்கறீங்க. நல்ல மனசு. ஆனா கவர்மெண்டு ஒட்டுன காயிதம் பொய் சொல்லுமுங்களா? ஆம்புலன்ஸ் ஏறுனதை என்ற கண்ணுல பாத்தனுங்க."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், "ஓனர்ன்னா இப்படி இருக்கோணும்" என்று கூடச் சொன்னார். உண்மையைச் சொல்லிவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டு நின்றேன். செல்வமேரியின் பெயர் போன இடத்திலேயே இருந்தது.

செல்வமேரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்தார். கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர். தண்ணீர் தெளித்து ஊறவைத்து, பிளேடு வைத்துக் கிழியாமல் எடுத்திருந்தார்.

"பேரு ஒங்களது, நம்பரு எங்களது" என்று விரித்துக் காட்டினார். "காயிதத்தைத்தான் நம்புவாவன்னா நீங்களும் காயிதத்துல எழுதிக் குடுங்க அண்ணாச்சி. இந்தக் குழாய்க்கு ஒண்ணு, எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு. அவரு இன்னும் போனு எடுக்கல."

ஒரு பக்கம் போதும் என்றார். வீட்டுக்கு வந்து எழுதினேன். அந்த ஒரு பக்கத்தில் அடங்காததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

மறுநாள் காலை இ-சேவை மையத்தில் ஆதார் விலாசத்தை மாற்றக் கொடுத்தேன். சீல் வைத்த ரசீதையும் நான் எழுதிய பக்கத்தையும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் போனேன். செல்வமேரி வாங்கி, ஏற்றுமதிப் பீஸைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தார். கடைசி வரியில், தெரியாமல் நடந்த தவறுக்கு மன்னிக்கவும் என்று எழுதியிருந்தேன். பேனாவைக் கேட்டு வாங்கினார். தெரியாமல் என்பதை அடித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த வரி முழுவதையுமே அடித்தார்.

"இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி. ஒங்க அட்ரஸ எழுதுங்க."

குழாய்த் தொட்டி மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். வீட்டு எண், வீதி, பின்கோடு. ஸ்கூலில் அந்தப் பெண் கேட்டபோது எழுதியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். கீழே கையெழுத்துப் போட்டேன்.

செல்வமேரி அதைப் போனில் படம் எடுத்துத் தூத்துக்குடிக்கு அனுப்பினார். பிறகு கதவிலிருந்து எடுத்த ஸ்டிக்கரைக் குழாய்ச் சுவரில் ஒட்டி, அதற்கு மேலேயே காகிதத்தை ஒட்டினார். ஐந்தாம் நம்பர் வீட்டுப் பெண் உரக்கப் படித்தது. ராசாத்தியக்கா ரசீதின் சீலை விரலால் தடவிப் பார்த்தார். நான் எட்டடி தள்ளியே நின்றேன். பெண்கள் தண்ணீர் பிடித்தார்கள்.

நாலாவது குடம் நிரம்பும்போது செல்வமேரியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மாஸ்க்கைக் கழற்றினார். எட்டு வருடத்தில் அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே போய் நாலாம் நம்பர் கதவைச் சாத்திக்கொண்டார்.

என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. ராசாத்தியக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"சாமி, இங்க என்னத்துக்கு நிக்கறீங்க? உங்க ஊடு அக்கட்டால இருக்குதுங்க."